வாய்விட்டு வாசித்த பக்கங்கள்

ஜூன் 12, திங்கள்

பக்கவாதத்தில் விழுந்த என் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆகிறது. முன்னறை சோபாவைப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு அங்கே கட்டில் போட்டிருக்கிறோம். தலைமாட்டைத் திருகி உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில். மூக்கில் உணவுக் குழாய். தொண்டையில் துளைபோட்டு இன்னொரு குழாய். மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு கிடையாது. வலது பக்கம் அசைவே இல்லை. இடது கை விரல்கள் எப்போதாவது அசையும். கண் திறந்திருக்கிறது. பார்க்கிறாரா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை.

"பேசிக்கிட்டே இருங்கம்மா. காது கேக்கும்னுதான் நெனைக்கோம். பழகின குரல் கேட்டா மூளைக்கு நல்லது" என்றார் இன்று.

என்ன பேசுவது? பாலில் தண்ணீர் அதிகம், மேல்வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டார். அவ்வளவுதான் இருக்கிறது என்னிடம். எனவே வாசித்துக் காட்டலாம் என்று முடிவு செய்தேன். அவர் தானாக ஒரு புத்தகத்தைத் தொட்டவரில்லை. நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்தே காலத்தை ஓட்டியவர். நான்தான் வீட்டில் வாசிக்கிறவள். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் சாப்பாட்டு இடைவேளையில்கூட மடியில் புத்தகம் இருக்கும்.

அலமாரியிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த நாவலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பத்தியை வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று தெரியவில்லை. மறுபடி வாசித்தேன். வார்த்தை ஒவ்வொன்றும் தெரிகிறது, வாக்கியம் சேரவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 15, வியாழன்

வேறு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. செய்தித்தாளில் தலைப்புக்குக் கீழே போக முடியவில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று கடைக்குப் போனேன். மாறவில்லை.

முதுகில் புண் தொடங்குகிறது. புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிற செல்வமேரி காலையில் வந்து இரண்டு மணிக்குப் போகிறாள். நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்தவள், நல்ல கை. தொண்டைக் குழாயில் சளி சேர்ந்தால் மெஷினால் எப்படி உறிஞ்ச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"கொறகொறன்னு சத்தம் வரும்க்கா. வந்த ஒடனே எடுத்துரணும். பெறவு பாப்போம்னு விட்ரக் கூடாது, கேட்டியளா?"

மெஷின் குழாயை முதலில் தலைகீழாகப் பிடித்தேன். ஆனால் செய்துவிட்டேன்.

ஜூன் 19, திங்கள்

கிளை நூலகத்துக்குப் போனேன். நூலகர் ஐசக் சார் விவரம் கேட்டுவிட்டு, நான் திருப்பிக் கொடுத்த புத்தகத்தின் முதுகைப் பார்த்தார். எண்ணூறு பக்கம், ஒரு சிறு சிரிப்புகூட இல்லாத புத்தகம்.

"மேடம், காய்ச்சக்காரனுக்கு யாராவது பிரியாணி குடுப்பாங்களா? கஞ்சி குடுங்க."

"கஞ்சின்னா?"

"ஈசியா போறது. கொலை, துப்பறியறது, கூத்து. படிச்சு முடிச்சதும் மறந்துபோற மாதிரி. ஒண்ண முழுசா முடிச்சிட்டீங்கன்னா பிறகு தானா வரும்."

அந்த அலமாரிப் பக்கம் நான் இதுவரை போனதில்லை. அலுவலகத்தில் யாராவது அதில் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் மனதுக்குள் மார்க் குறைத்திருக்கிறேன். ஐசக் சார் மூன்று மெல்லிய புத்தகங்களை எடுத்துத் தந்தார். ஒன்றின் அட்டையில் கத்தி, ரத்தம், தலைமுடியை விரித்துப்போட்ட ஒரு பெண். பஸ்ஸில் அட்டை தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 20, செவ்வாய்

கத்திப் புத்தகம். சத்தமாக வாசித்தேன். எஸ்டேட் பங்களாவில் கொலை. வேலைக்காரி பால் கொண்டுவருகிறாள், கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. இரண்டு அத்தியாயம் நிற்காமல் ஓடிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவருடைய இடது கை விரல்கள் போர்வை மேல் தட்டிக்கொண்டிருந்தன. நான் நிறுத்தியதும் அவையும் நின்றன.

செல்வமேரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "அந்த டிரைவர்தான்க்கா கொன்னிருப்பான்" என்றாள்.

ஜூன் 21, புதன்

கொன்றது மைத்துனன். மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கடைசி வரி வரை வாசித்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

இரண்டாவது புத்தகம் நகைச்சுவை. ஒரு கல்யாண வீட்டில் சமையல்காரர் கோபித்துக்கொண்டு போய்விட, சம்பந்திகளே சமைக்கிற கதை. ரசத்தில் உப்பு போடுகிற கட்டத்தில் எனக்கு அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வருமளவு சிரித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய நாளிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து அவர் தங்கை கோமு வந்து வாசலில் நின்றாள்.

"மயினி, தெரு முனை வரைக்கும் சிரிப்பு கேக்கு."

"உங்க அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டுதேன்."

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "வாசிங்க, வாசிங்க. யாரு வேண்டாம்னா?" என்றாள். கொண்டுவந்த வாழைப்பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டு உட்காராமலே போய்விட்டாள்.

குழாயில் சாப்பிடுகிறவருக்கு வாழைப்பழம். எழுதும்போதுதான் இது உறைக்கிறது.

ஜூலை 3, திங்கள்

காய்ச்சல். புண்ணில் சீழ். புத்தகம் இல்லை.

ஜூலை 11, செவ்வாய்

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆள் பாதியாகிவிட்டார். டாக்டர் இந்தத் தடவை மூளை, குரல் என்றெல்லாம் பேசவில்லை. புண்ணுக்கு மருந்து மட்டும் எழுதினார்.

நூலகத்துக்குப் போனேன். வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணம் வேண்டியிருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். செல்வமேரி இருக்கிற நேரத்தில்தான் போனேன்.

ஐசக் சார் இந்தத் தடவை இரண்டு தடித்த பாகங்களை எடுத்து வைத்தார். பழைய தொடர்கதை. பைண்டு செய்த அட்டை, பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை.

"இலக்கியம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எங்கம்மா மூணு தடவ வாசிச்சாங்க. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சது கூடத் தெரியாம வாசிப்பாங்க."

ஜூலை 14, வெள்ளி

ரயில் ஜங்ஷன் பக்கத்தில் மெஸ் நடத்துகிற ஒரு விதவை, பெயர் ராஜாமணி. மாடி அறையில் ஒருவன் குடிவருகிறான். வேலை என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறான். சொன்ன பெயரும் பொய் என்று நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு தம்பி, குடிகாரன். ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது கதவைத் தட்டுவதோடு முடிகிறது. மட்டமான தந்திரம். ஆனால் ஒவ்வொரு தடவையும் யார் தட்டுகிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் முழுக்க வாசித்தேன். விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

ஜூலை 20, வியாழன்

மகள் பார்கவி புனேயிலிருந்து பேசினாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வரமுடியவில்லை என்று வழக்கம்போல அழுதாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்துவிட்டு ஒரு அத்தியாயம் வாசித்தேன். ராஜாமணி மாடிக்குக் காப்பி கொண்டுபோகிற அத்தியாயம்.

முடிந்ததும் பார்கவி மூக்கை உறிஞ்சினாள். "அப்பா கையை ஆட்டுறாங்களாம்மா?"

"ஆட்டுதாங்க."

"நீ நிறுத்திறாதம்மா. டெய்லி வாசி. அப்பாவுக்கு இப்ப ஒன் கொரல் மட்டும்தான இருக்கு."

ஜூலை 26, புதன்

தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால் குடித்தும் சரியாகவில்லை. அந்த மாடிக்காரனைத் தேடி போலீஸ் வந்து, அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லி ராஜாமணியிடம் விசாரிக்கிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்தைக் கண்ணால் மட்டும் வாசித்தேன். நாளை அவருக்குச் சத்தமாகத் திரும்ப வாசித்தால் போயிற்று.

சத்தமில்லாமல் வாசிக்கும்போது எவ்வளவு வேகமாகப் போகிறது!

ஜூலை 27, வியாழன்

தொண்டை இன்னும் சரியாகவில்லை. முதல் பாகம் முடிந்தது.

ஜூலை 31, திங்கள்

இரண்டாம் பாகம். கதை வேறு ஊருக்குப் போய்விட்டது. ராஜாமணி மெஸ்ஸை விற்றுவிட்டு அவனைத் தேடிக் கிளம்புகிறாள். இப்போது அவருக்கு வாசிக்க வேண்டுமென்றால் முதல் பாகத்தின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். எனக்குத் தெரிந்த கதையை மறுபடி வாசிக்க வாய் வரவில்லை. முழுவதும் முடித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து நிதானமாக வாசித்துக் காட்டலாம். அதுதான் நல்லது.

ஆனால் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆகஸ்ட் 2, புதன்

இன்று செல்வமேரி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "சத்தமா வாசிக்க மாட்டியளாக்கா? நீங்க வாய மூடிட்டு வாசிச்சா அண்ணாச்சி ஒங்களயே பாத்துட்டு இருக்காவ."

"கண்ணு எங்கயாவது ஒரு பக்கம் இருக்கத்தான செய்யும்" என்றேன்.

அவளுக்கும் கதை கேட்க வேண்டும். அதற்காகச் சொல்கிறாள். ராஜாமணி என்ன ஆனாள் என்று நான்கு வரியில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

கட்டிலின் அந்தப் பக்கம் வெயில் விழுகிறது. நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் எனக்கும் நல்லது.

ஆகஸ்ட் 7, திங்கள்

பார்கவி போன். "வாசிக்கிறியாம்மா?" "வாசிக்கேன்." "இன்னிக்கும் ஸ்பீக்கர்ல போடேன்." தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. அடிக்கடி உறிஞ்சி எடுக்க வேண்டும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும் என்றார். "நான் பக்கத்துலதான் இருக்கேன் டாக்டர்" என்றேன். "அது தெரியும்மா. ஒங்கள மாதிரி யாரு பாப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் பார்லிக் கஞ்சி கொடுக்கத் தாமதமாகிவிட்டது. ராஜாமணி அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். அவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம்.

இந்த வயதில், இந்த நிலைமையில், காலையில் எழுந்ததும் ஒரு கதையின் மிச்சம் இருக்கிறது என்ற நினைப்பு வருகிறது. கண் விழித்ததும் வருகிற அந்த ஒரு நிமிஷம், முன்னறையில் என்ன கிடக்கிறது என்று ஞாபகம் வருவதற்கு முன்னால் ராஜாமணி ஞாபகம் வருகிறாள். ஐசக் சாருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

முதுகு, துணி, கஞ்சி, சளி, துணி. புத்தகத்தில் இன்னும் ஒரு விரல் கனம்தான் மிச்சம்.

ஆகஸ்ட் 16, புதன்

பிற்பகல் அவர் போய்விட்டார்.

ஆகஸ்ட் 19, சனி

கோமு என்னைப் பின்னறையில் படுக்கச் சொல்லியிருக்கிறாள். தூக்கம் வரவில்லை, எனவே எழுதுகிறேன்.

செல்வமேரி இரண்டு மணிக்குப் போனாள். போகும்போது குழாயைச் சுத்தம் செய்து, தலைமாட்டை உயர்த்திவிட்டுத்தான் போனாள். அவள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மெஷின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கரண்டும் இருந்தது.

ராஜாமணி திரும்ப அதே ஜங்ஷனில் இறங்குகிறாள். மெஸ் இருந்த இடத்தில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தம்பி அங்கே வாட்ச்மேனாக இருக்கிறான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் சொல்லவும் இல்லை. ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த ரயிலுக்கு நடக்கிறாள். அத்துடன் முடிகிறது. கடைசி அத்தியாயத்தில் மட்டும் யாரும் கதவைத் தட்டவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். இலக்கியம் இல்லை என்று ஐசக் சார் சொன்னது தப்பு.

புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

சத்தம் கேட்டதா என்று டாக்டர் கேட்டார். கோமுவின் வீட்டுக்காரர் கேட்டார். தெருவில் கட்டட வேலை நடக்கிறது, கான்கிரீட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டேனா? கேட்ட மாதிரி இல்லை. ஏதோ கேட்ட மாதிரியும் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. நின்றுவிட்டதால் சரியாகிவிட்டது என்றுதான் யாருமே நினைப்பார்கள்.

உடம்பு சூடாகத்தான் இருந்தது. கண் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"சளி அடைச்சிருக்கு. நெஞ்சும் ரொம்ப நாளா தாங்கல. எப்ப வேணாலும் நடந்திருக்கும்மா" என்றார் டாக்டர். எப்போது வேண்டுமானாலும் என்பதை அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் கோமு ஒரே விஷயத்தைச் சொல்கிறாள். அன்று வாழைப்பழத்தை வைத்துவிட்டு உட்காராமல் போன அதே கோமு.

"கடேசி மூச்சு வரைக்கும் மயினி பக்கத்துல இருந்து வாசிச்சிக் காட்டிருக்காவ. கதைய கேட்டுக்கிட்டே எங்கண்ணன் போய்ட்டாவ. எவனுக்குக் கெடைக்கும் இந்தச் சாவு?"

வருகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் எதுவும் சொல்வதில்லை. அழுகிற வீட்டில் யார் என்ன விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

இன்று செல்வமேரி வந்தாள். கோமு அவளிடமும் ஆரம்பித்தாள். "நீயுந்தான் கூட இருந்து பாத்தியே, சொல்லு. மயினி வாசிச்சிட்டுத்தான இருந்தாவ?"

செல்வமேரி என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் மடக்கி வைத்திருந்த கட்டிலைப் பார்த்தாள்.

"ஆமா. வாசிச்சிட்டுத்தான் இருந்தாவ" என்றாள்.

காப்பி கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். வாசல் வரை போய், "மெஷின திருப்பிக் குடுத்துட்டியளாக்கா?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டோம் என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஐசக் சார் வந்து போனார். புத்தகத்தை அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம் என்றார். வேறு ஏதாவது வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அலமாரியில் இருக்கிறது சார் என்றேன். உண்மைதான். நேற்று, ஜூனில் வாசிக்க முடியாமல் மூடிவைத்த நாவலை எடுத்து ஐம்பது பக்கம் வாசித்தேன். ஒரு வரி நழுவவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. பார்கவி மட்டும் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. சாவுக்கு மறுநாள் வந்தவள், உயிரோடு முகம் பார்க்காமல் போய்விட்டோமே என்று இத்தனை நாளும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

சாயங்காலம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு முன்னறைக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? அப்பா கடைசியா கேட்டாங்கள்ல, அந்தப் பக்கத்த எனக்கு வாசிச்சுக் காட்டுவியா?"

"இப்ப எதுக்குடி?"

"எனக்கு வேற என்னம்மா இருக்கு? நான் பக்கத்துல இல்ல. அவங்க கேட்டதையாவது கேக்கேன்."

மறுக்கக் காரணம் தோன்றவில்லை. அலமாரியைத் திறந்தேன். இரண்டு பாகமும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்ததை நகர்த்திவிட்டு முதல் பாகத்தை எடுத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரன் மெஸ் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றுகிறான். உள்ளே பந்தி நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பெயரைச் சொல்லி, இப்படி ஒரு ஆள் இங்கே இருக்கிறானா என்கிறான். அப்படி யாரும் இல்லையே என்று சொல்ல வாயெடுத்த ராஜாமணி, மாடிப்படியைத் திரும்பிப் பார்க்கிறாள்.

பக்கத்தின் அடிவரை வாசித்தேன். குரல் உடையவில்லை. பார்கவி முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், ரொம்ப நேரம். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதைத்தான் கொடுத்தேன். பொய் சொல்லவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைக்கப் போனாள். அங்கே இருந்த இன்னொன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது ரெண்டாம் பாகமா?"

"ம்."

"அப்ப பாதிக் கதையிலயே போய்ட்டாங்களா அப்பா?" என்றாள். கையில் இருந்ததைப் புரட்டினாள். "அந்த ஆளு யாருன்னுகூடத் தெரியாம. அவ அவனக் கண்டுபிடிச்சாளா இல்லையாம்மா?"

"கண்டுபிடிச்சா. பெறவு தனியாத்தான் போறா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

பார்கவி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் அடையாளத்துக்கு நான் வைத்திருந்த மாத்திரை அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"பாப்பா அழுறா" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை அலமாரியில் வைத்து உள்ளே போனாள்.

அழுகைச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.